வாசற்படிகள்

எங்கள் மடிப்பாக்கம் வீட்டில் 1984-ஆம் ஆண்டு தை மாதம் பால் காய்ச்சியபோது, தெருவிலிருந்து முன்வாசலுக்கு ஐந்து படிகள் ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியும் ஏழு அங்குல உயரம். மேற்பரப்பில் சிவப்புக் காவி இழைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே வாசலுக்குத் தெருவிலிருந்து இரண்டு படிகள் இறங்கிச் செல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. இத்தனைக்கும் வீடு ஓர் அங்குலம்கூட அமிழவில்லை, தெருதான் உயர்ந்திருந்தது. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் "பார்த்து இறங்குங்க" என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் எந்த ஆண்டு தொடங்கியது என்று யோசித்துப் பார்க்கிறேன். குறிப்பாக ஓர் ஆண்டைச் சொல்ல முடியவில்லை; அவ்வளவு மெதுவாக நடந்தது இது.

அப்பா கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தொழிற்சாலையில் கணக்கராக இருந்தார். சைதாப்பேட்டையில் ஐந்து குடித்தனங்களுக்கு ஒரு கிணறு, ஒரு கழிப்பறை என்று இருந்த வீட்டில் பத்தாண்டுகளுக்கு மேல் வாடகைக்கு இருந்துவிட்டு, சொந்த மனை என்று தேடத் தொடங்கியபோது, அவர் சம்பளத்துக்கு எட்டிய தூரம் பரங்கிமலை ரயில் நிலையத்துக்குத் தெற்கே சைக்கிளில் இருபது நிமிடம். அப்படி வாங்கியதுதான் இந்த நாற்பதுக்கு அறுபது மனை. சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. மடிப்பாக்கம் அப்போது ஊராட்சி. நகர் என்று பெயர் சூட்டி, மூலைக்கு மூலை கல் நட்டிருந்தார்களே தவிர, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முந்தைய போகத்து நெல்லின் தாள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வரப்பின் மேல்தான் மனையைப் பார்க்கப் போனோம் என்றும், தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததாகவும் அம்மா இன்றும் சொல்லுவார்.

அந்த நிலம் ஏன் நெல் விளையும் நிலமாக இருந்தது என்பதை அன்றைக்கு மனை வாங்கிய யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் விடை ஊர்ப் பெயர்களிலேயே பாதி கிடைத்திருக்கும். மூவரசம்பட்டு, கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று சுற்றிலும் உள்ள எல்லா ஊர்களுக்கும் ஓர் ஏரி அல்லது குளம் உண்டு. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக மிகுநீர் அடுத்த ஏரிக்குப் போகும். அங்கிருந்து அதற்கும் கீழே உள்ள ஏரிக்கு. எல்லாம் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீரும், சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழை நீரும் அந்தச் சதுப்பில்தான் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கின்றன. 1960-களில் ஐந்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு, குப்பை மேட்டுக்கும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் கொடுத்ததுபோக ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. 2022-இல் அதற்கு ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் ஏரிக்கும் சதுப்புக்கும் இடையில் நீர் நடந்து போகிற பாதையில்தான் எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிரவுண்டு கிரவுண்டாக வீடு கட்டிக் குடியேறியிருந்தன.

இதைக் கேட்ட ஒரே ஒருவர் எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி. திண்டிவனம் பக்கத்துக்காரர். பூமி பூஜைக்கு முன்பே மூன்று முறை தனியாக வந்து மனையைச் சுற்றி நடந்திருக்கிறார். மண்ணில் கிடந்த நத்தை ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தாராம். எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எதுவரை வரும் என்று விசாரித்து, அவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டிய உயரத்தை ஒரு குச்சியில் அளந்து வைத்துக்கொண்டாராம். பிறகு அப்பாவிடம், "சார், மூணடி பேஸ்மட்டம் இல்லாம இங்க நான் கட்ட மாட்டேன். வேற ஆளை வேணா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒன்றரை அடிதான் எழுப்பியிருந்தார்கள். கூடுதல் ஒன்றரை அடிக்குக் கல்லும், உள்ளே கொட்டிக் கெட்டிக்க கிராவலும் வாங்க அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. களிமண் பூமி மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும் என்பதால் கடக்காலையும் ஐந்தடிக்கு எடுத்து, அடியில் மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கிய பிறகே கல் வைத்தார். அந்த மேஸ்திரியின் பிடிவாதத்தால்தான் இந்த வீட்டில் நாங்கள் முப்பது ஆண்டுகள் நனையாமல் இருந்தோம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வீடு பெரியது ஒன்றுமில்லை. ஒரு கூடம், இரண்டு அறைகள், சமையலறை, பின்கட்டில் துணி துவைக்கும் கல், மொட்டை மாடிக்கு வெளியிலிருந்து ஏறும் படிக்கட்டு. கூடத்துக்கு மட்டும் மொசைக் தரை போட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வெள்ளைச் சிமென்ட்டில் பச்சையும் கறுப்புமாகக் கல் சில்லுகளைக் கலந்து பரப்பி, இறுகிய பின் இயந்திரத்தால் நாள்கணக்கில் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறக் கூழாக வழிந்துகொண்டிருந்த தரையிலிருந்து ஒவ்வொரு சில்லாக முகம் காட்டியதை ஏழு வயதில் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோடையில் அந்தத் தரையில் பாய்கூட விரிக்காமல் படுப்போம். ஜன்னலோரம் பச்சைச் சில்லுகள் நெருக்கமாக விழுந்து ஒரு வெற்றிலை போலத் தெரியும் இடம் ஒன்று உண்டு. அது யாருக்கு என்பதில் எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை.

கிணறு உறைக்கிணறு. பன்னிரண்டு உறை இறக்கினார்கள். மார்கழியில் குனிந்து சொம்பில் மொள்ளலாம் என்கிற அளவுக்கு நீர் மேலே நிற்கும். 1990-களின் நடுவில் எங்கும் அடுக்குமாடிகள் வரத் தொடங்கின, ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், எங்கள் கிணற்றின் அடி உறைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியலாயின. 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்றானபோது, மாடித் தண்ணீரை நேரே கிணற்றில் விட்டோம். ஊற்று ஓரளவு திரும்பியது. ஆனாலும் 2019 கோடையில், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த அந்த ஆண்டில், கிணற்றின் அடிமண் வெடித்துக் கிடந்தது. வயலாக இருந்த இடத்தில், ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில், லாரித் தண்ணீருக்காகத் தெருமுனையில் குடங்களோடு நின்றோம். நிலத்தடியில் நீர் மட்டம் இறங்கிக்கொண்டே போன அதே நாற்பது ஆண்டுகளில்தான் நிலத்துக்கு மேலே தெருவின் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது.

அது ஏறிய விதம் எளிது. முதலில் மண் தெருவில் மழைக்குச் சேறாகிறது என்று கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவினார்கள். அதன் மேல் ஜல்லி, தார். நாலைந்து ஆண்டில் அது பெயர்ந்தால், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ஜல்லி, புதுத் தார். சுரண்டுவதற்கு இயந்திரமும் நாளும் வேண்டும். மேலே போட்டால் ஒரே இரவில் வேலை முடியும். ஒவ்வொரு முறையும் நாலு அங்குலம், ஐந்து அங்குலம். தெருவில் புதுத் தார் மணக்கும் காலையில் எல்லோரும் மகிழ்ச்சியோடு வெளியே வந்து பார்ப்போம். பிறகு ஸ்கூட்டரை ஏற்றி இறக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று, கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள எங்கள் முன்புறத்து நிலத்தையும் மண் அடித்துத் தெருவோடு சமமாக்குவோம். அப்படிச் செய்த ஒவ்வொரு தடவையும் ஒரு படி மண்ணுக்குள் போயிற்று. படிகளைப் புதைத்தவர்களில் நாங்களும் உண்டு என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அது இருபது ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த உயர்வை என் கண்ணால் மொத்தமாகப் பார்க்கும் வாய்ப்பு ஒரு நாள் கிடைத்தது. பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்க எங்கள் கேட்டுக்கு எதிரே ஆழமாகப் பள்ளம் எடுத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் வெளியே வந்த பிறகு, நான் குனிந்து பள்ளத்தின் சுவரைப் பார்த்தேன். மேலே புதுத் தார், அதன்கீழ் ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி என்று கறுப்பும் சாம்பலும் மாறி மாறி எட்டு அடுக்குகளை எண்ண முடிந்தது. ஓர் அடுக்கில் நெளிந்த பால் உறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்த இடிபாடு. அதற்கும் கீழே, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு, கறுப்புக் களிமண். அதில் வெள்ளைப் புள்ளிகளாக நத்தை ஓடுகள். கையை நீட்டி ஒன்றை எடுத்தேன். விரல் நகம் அளவுதான் இருந்தது, நசுங்காமல் முழுசாக இருந்தது. மேஸ்திரி பொறுக்கிப் பார்த்த அதே வயலின் மண், அதே மட்டத்தில், எங்கள் தெருவுக்கு அடியில் நாலடி ஆழத்தில் அப்படியே இருந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றங்கரை மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு வந்த தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் இல்லை, ஏரிகள் வழிந்து வந்த நீர். அது சீறிக்கொண்டு வரவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கூடத்து வாசற்காலின் அடியில் ஒரு கோடாகக் கசிந்தது. கோணிப்பையில் மண் கட்டி வைத்தோம். பத்து மணிக்குக் குளியலறைச் சாக்கடை வாய் வழியாக உள்ளேயிருந்தே பொங்கியது. அதற்கு மேல் வாசலில் வைத்த மண் மூட்டைக்குப் பொருள் இல்லை. அப்பாவால் அப்போது தனியாக நடக்க முடியாது. தம்பியும் நானும் பிரம்பு நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் மாடிப்படி ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தார்ப்பாய் கட்டி உட்கார வைத்தோம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மேஸ்திரி சொன்ன மூணடி இருக்கேடா, அதுக்கு மேலயா வந்துடுச்சு?" அந்த மூன்றடி எப்போதோ தெருவுக்கு அடியில் போய்விட்டது என்று அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

மின்சாரம் ஐந்து நாட்கள் இல்லை. மூன்றாம் நாள் படகில் வந்த இளைஞர்கள் பால் பாக்கெட்டும் ரொட்டியும் கொடுத்தார்கள். யார், எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளவும் நேரமில்லை. தண்ணீர் வடிந்தபோது கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இரண்டே கால் அடி உயரத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரம் நனைந்து, முத்திரைத் தாளின் பச்சை மை அடுத்த பக்கத்தில் பதிந்திருந்தது. மொசைக் தரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா அதை மூன்று முறை கழுவித் துடைத்தார், அது பழையபடி மின்னியது. அப்பா அடுத்த ஆண்டு காலமானார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில் மீண்டும் அதே வாசற்கால், அதே குளியலறை. இந்த முறை சுவரில் விழுந்த கோடு பழைய கோட்டுக்கு நான்கு அங்குலம் கீழே. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இனி ஒரு தடவை அவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம்.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, புரமோட்டரிடம் மனையைக் கொடுத்து, ஜாயின்ட் வென்ச்சர் என்ற பெயரில் கீழே வாகன நிறுத்தமும் மேலே அடுக்கு வீடுகளுமாகக் கட்டி, பாதியை வாங்கிக்கொள்வது. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் அப்படி ஆகிவிட்டது. செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க அதைவிட நேரான வழி கிடையாது. மற்றொன்று, இருக்கும் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. அம்மா இரண்டாவதைத்தான் சொன்னார். "உங்க அப்பா போட்ட கூரைக்குக் கீழதான் நான் இருப்பேன்." ஐந்தடி தூக்குவதாக ஒப்பந்தம் ஆயிற்று.

ஹரியானாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பதினைந்து பேர் அந்த வேலையைச் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. சுவரின் அடியைச் சிறிது சிறிதாகக் குடைந்து, இரும்புச் சட்டங்களைச் செருகி, ஓரடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறத்தாழ இருநூறு ஜாக்கிகளைப் பொருத்தினார்கள். தலைவர் விசில் ஊதினால் எல்லோரும் தத்தம் வரிசையில் உள்ள ஜாக்கிகளை ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒருவர் அரைத் திருப்பு கூடுதலாகத் திருப்பினாலும் சுவர் விரிசல் விடும். நாளொன்றுக்கு அரையடி கூட ஏறாது. அந்த நாற்பத்தைந்து நாட்களும் சமையலறைச் சுவரில் அம்மா மாட்டியிருந்த நாட்காட்டி ஆணியிலிருந்து கழலவில்லை.

ஆனால் ஒன்றை முன்பே சொல்லிவிட்டார்கள். ஏறுவது சுவரும் கூரையும்தான், தரை ஏறாது. தரை இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் ஐந்தடிக்கு மண்ணும் ரப்பிஷும் கொட்டிக் கெட்டித்து, புதுத் தரை போட வேண்டும். அப்படித்தான் நடந்தது. ஐந்தடி உயரத்தில் வீடு நிற்க, கீழே மொசைக் தரை வெட்டவெளியில் கிடப்பதுபோல் இரண்டு நாள் கிடந்தது. லாரி வந்து மண் தட்டுவதற்கு முந்தைய மாலை அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கிக் கூடம் முழுவதையும் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்தார். நாங்கள் தடுக்கவில்லை. தம்பி வெற்றிலைத் தடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

ஜாக்கிக்காக முன்புறம் தோண்டியபோது பழைய படிகளும் வெளியே வந்தன. மண்ணைத் தட்டிவிட்டுக் கழுவினால், காவி நிறம் அப்படியே இருந்தது. மேலிருந்து மூன்றாவது படியில், புதிதாகப் பூசியபோது நான் ஓடி மிதித்துப் பதித்த குதிகால் தடம் ஒன்று உண்டு. அதற்காக வாங்கிய அடியும் நினைவில் உண்டு. அந்தத் தடம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெயில் பட்டது.

அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் வந்து நின்றார். எங்களோடு ஒரே ஆண்டில் குடிவந்த குடும்பம். கணவர் இறந்துவிட்டார், மகள் வெளியூரில் இருக்கிறாள். ஒன்றரை அடி பேஸ்மட்டத்து வீடு அது, இன்றைக்குத் தெருவைவிட இரண்டரை அடி தாழ்வாக இருக்கிறது. மேலே நிமிர்ந்த எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க தூக்கிட்டீங்க தம்பி, நல்லதுதான். உங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணி இனிமே எங்க போகும்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு முறையும் எங்கள் கூடத்திலும் அறைகளிலும் முன்வாசலிலும் தேங்கி நின்ற நீர் இனி அவர் வீட்டுப் பக்கம்தான் சாயும். அன்றிரவு தம்பியோடு பேசி, வீட்டுக்கு வெளியே உள்ள நிலத்தை உயர்த்துவதில்லை என்று தீர்மானித்தோம். முன்புறத்தைப் பழைய படிகளின் அடிவரை தோண்டியபடியே விட்டோம். பின்கட்டையும், இரு வீட்டுக்கும் நடுவே உள்ள மூன்றடி இடைவெளியையும் 1984-ஆம் ஆண்டு மட்டத்துக்கே இறக்கி, ஜல்லி நிரப்பிய உறிஞ்சு குழிகள் நான்கு எடுத்து, அவற்றின் மிகுநீரைக் கிணற்றோடு இணைத்தோம். பெருவெள்ளத்துக்கு இது போதாது என்று எனக்குத் தெரியும். அக்காவிடமும் அப்படியே சொன்னேன். தெருவில் பதினாறு வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டு, அடுத்த முறை சுரண்டாமல் தார் போடக் கூடாது என்று மனுக் கொடுத்திருக்கிறோம். அக்காவின் கையெழுத்துதான் முதலில் இருக்கிறது.

கடைசியாக மிச்சமிருந்தது புது வாசற்படி. பள்ளமாக விட்ட முன்புறத்தின் மேல் கேட்டிலிருந்து பாலம்போல் ஒரு நடைபாதை, அதன் முடிவில் படிகள். ரசமட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கொத்தனார் கேட்டார்: "சார், ஏழு படி வருது. அடிப்படியை இப்பவே கட்டிடட்டுமா, இல்ல ரோடு போட்டப்புறம் பாத்துக்கலாமா?" இந்தத் தெருவில் வேலை செய்யும் எல்லாக் கொத்தனார்களும் இப்போது இப்படித்தான் கேட்கிறார்கள்.

இப்பவே கட்டுங்கள் என்றோம். சிவப்புக் காவி இழைக்கத் தெரிந்த ஆள் திருவண்ணாமலைப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்து வரவழைத்தோம். அடிப்படியின் பக்கவாட்டில், தார் விளிம்புக்கு ஏழு அங்குலம் மேலே, தம்பி ஆணியால் ஒரு கோடு கீறி, தேதி போட்டிருக்கிறான்.